கைதட்டலை ஏற்பவர் பழியையும் ஏற்க வேண்டும்

சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் சந்திப்பு ரயில் நிலையத்திலிருந்து பல திசைகளுக்கு இருப்புப் பாதைகள் பிரிகின்றன. அவற்றில் இரண்டு பாதைகளை நம் மக்கள் மறக்க முடியாது. ஒன்று ஓமலூர் வழியாக வடக்கே தருமபுரிக்குப் போகிறது. தருமபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்புறம், அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில் 2013 ஜூலை 4 அன்று இளவரசன் பிணமாகக் கிடந்தார். மற்றொன்று சங்ககிரி வழியாக ஈரோட்டுக்குப் போகிறது. பள்ளிபாளையம் அருகே, அந்தத் தண்டவாளத்தில் 2015 ஜூன் 24 அன்று கோகுல்ராஜின் உடல் கிடந்தது.

முதல் மரணம் தற்கொலை என்று விசாரணை ஆணையம் சொன்னது. இரண்டாவது கொலை என்று நீதிமன்றம் சொன்னது. இருவரும் பட்டியல் சாதியில் பிறந்த இளைஞர்கள். ஒருவர் வேறு சாதிப் பெண்ணை மணந்தார். மற்றவர் வேறு சாதிப் பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். இந்த இரு மரணங்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. அவற்றுக்கு முன்னால் நம் மாவட்டங்களின் மேடைகளில் என்ன பேசப்பட்டது, பேசியவர்கள் பின்னால் என்ன பொறுப்பேற்றார்கள் என்பதுதான் இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தமிழ்நாட்டில் மேடைப் பேச்சை வெறும் காற்று என்று யாரும் ஒதுக்க முடியாது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது இதே சேலத்தில், 1944 ஆகஸ்டில் கூடிய மாநாட்டில்தான். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைத் தமிழர்கள் கைவிட்டதற்கு மேடைகள் ஒரு காரணம். ஊர் ஊராகப் பேசிப் பேசியே சுயமரியாதைத் திருமணத்தை மக்களிடம் கொண்டுசேர்த்தார்கள். அதனால்தான் 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் அதற்குச் சட்டம் இயற்ற முடிந்தது. இவற்றையெல்லாம் எங்கள் பேச்சின் சாதனை என்று தலைவர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், அது நியாயம்தான்.

அப்படியானால், பேச்சால் ஊர் திருந்தும் என்றால் பேச்சால் ஊர் எரியவும் செய்யும். வாக்கு விழுந்தால் என் பேச்சுக்கு விழுந்தது, வீடு எரிந்தால் யாரோ விஷமிகள் எரித்தார்கள் என்ற இரட்டைக் கணக்கை இனியும் ஏற்க முடியாது. கைதட்டலை வாங்கிக்கொள்பவர் பழியையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆறு மாத இடைவெளி

நடந்ததை வரிசையாக நினைவுபடுத்திக்கொள்வோம். 2012 மே மாதம் மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கத்தின் சித்திரை முழுநிலவு விழா நடந்தது. சாதி மாறி மணம் செய்பவர்களை வெட்டச் சொல்லும் வகையில் காடுவெட்டி குரு அந்த மேடையில் பேசியதாகச் செய்திகள் வந்தன. அவர் அப்போது பொறுப்பற்ற ஓர் இளைஞர் அல்ல, சங்கத்தின் தலைவர். சட்டமன்றத்தில் இருந்தவர்.

ஆறு மாதம் கழித்து, 2012 நவம்பர் 7 அன்று, தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகள் தாக்கப்பட்டன. இளவரசனின் திருமணத்தால் மனமுடைந்த பெண்ணின் தந்தை அன்று தற்கொலை செய்துகொண்டார். அந்தச் சாவைக் காரணம் காட்டித் திரண்ட கூட்டம் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடித் தீ வைத்தது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் வேலை செய்து, வருடக்கணக்கில் சேர்த்து வாங்கிய பொருள்கள் எரிந்தன. இருசக்கர வாகனங்கள் எரிந்தன. பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள் எரிந்தன. கூரை வீட்டிலிருந்து காரை வீட்டுக்கு ஏற ஒரு தலைமுறை பாடுபட்டது. அந்தப் பாடு ஒரே மாலையில் சாம்பலானது.

தன் கட்சிக்கு இதில் தொடர்பில்லை என்று பா.ம.க. தலைமை மறுத்தது. அந்த மறுப்பையும் பதிவு செய்வதே நேர்மை. ஆனால் அதற்கடுத்த வாரங்களில் நடந்தது என்ன? எரிந்த வீடுகளின் முன்னால் நின்று, இதைச் செய்தவன் எந்தச் சாதியாக இருந்தாலும் குற்றவாளி என்று சொல்வதுதான் ஒரு பெரிய தலைவரின் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். மருத்துவர் ராமதாஸ் பிற சாதி அமைப்புகளையும் ஒன்று திரட்டினார். தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்ற பிரசாரம் மாவட்டம் மாவட்டமாகச் சென்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. வீடு இழந்தவர்கள் கொட்டகையில் கிடந்தபோது, அவர்களைக் காக்கும் சட்டத்தின் மீது விசாரணை நடந்தது.

அடுத்த ஆண்டு, 2013 ஏப்ரல் 25 அன்று மறுபடியும் மாமல்லபுரத்தில் விழா. அன்று மரக்காணத்தில் கலவரம் வெடித்தது. தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. விழாவுக்குச் சென்றவர்களில் இருவரும் அன்று உயிரிழந்தார்கள். அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தாம். பேச்சு மேடையில் முடிந்துவிடுகிறது. அதன் செலவை இரண்டு பக்கத்துக் குடிசைகளும் கட்டுகின்றன.

ஒரு பெயர் செய்த வேலை

பேச்சு எப்படி வன்முறையாகிறது என்பதை மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் தலைவர் நேரடியாக, இன்னாரை அடி என்று சொல்வதில்லை. அவர் ஒரு பெயர் சூட்டுகிறார். ‘நாடகக் காதல்’ என்பது அப்படிச் சூட்டப்பட்ட பெயர்.

அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் ஊரில் காதல் என்பது இரண்டு வீட்டுப் பிரச்சினை. சண்டை வரும், பேச்சு நின்றுபோகும், பேரப்பிள்ளை பிறந்ததும் சிலர் சேர்ந்தும் கொள்வார்கள். எல்லா இடத்திலும் அப்படி முடிந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆணவக் கொலை அதற்கு முன்பும் நடந்தது. ஆனால் அந்தப் பெயர் வந்த பிறகு ஒரு பையனின் காதல் அவன் சாதியின் சதி ஆகிவிட்டது. இரண்டு வீட்டுப் பிரச்சினை இரண்டு சமூகங்களின் போராக மாறியது. பெண்ணுக்கும் அதில் இடமில்லை. அவளுக்கு அறிவு இல்லை, விருப்பம் இல்லை, அவள் ஏமாற்றப்பட்டவள் என்று அந்தப் பெயரே தீர்ப்பு எழுதிவிட்டது. தலித் இளைஞனை மட்டுமல்ல, தன் சொந்தச் சாதிப் பெண்ணையும் இழிவுபடுத்தும் சொல் அது.

பெயர் வந்ததும் சந்தேகம் வந்தது. நல்ல சட்டை போட்டவன் மீது சந்தேகம். கல்லூரிப் பேருந்தில் பக்கத்தில் நின்று பேசுபவன் மீது சந்தேகம். சந்தேகம் வந்ததும் கண்காணிப்பு வந்தது. யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்ப்பதே வேலையாகச் சில கும்பல்கள் கிளம்பின.

நாமக்கல் கற்ற பாடம்

அந்தச் சொல் ஒரு சாதிக்குள் நிற்கவில்லை. கொங்குப் பகுதிச் சாதி அமைப்புகளின் மேடைகளிலும் அதே வகைப் பேச்சு ஒலித்தது. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தன்னோடு படித்த தோழியுடன் பேசிக்கொண்டிருந்தார். உமையும் சிவனும் ஒரே உடலில் பாதிப் பாதியாக நிற்கும் கோயில் அது. அங்கிருந்துதான் அவரைக் கடத்திச் சென்றார்கள். கோயில் கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சிகள் வழக்கின் முக்கியச் சான்றாயின.

தீரன் சின்னமலைக் கவுண்டர் பேரவையின் தலைவர் யுவராஜ் முதல் குற்றவாளி. தலைமறைவாக இருந்த மாதங்களில் அவர் குரல்பதிவுகளை வெளியிட்டார், தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்தார். 2015 அக்டோபரில் நாமக்கல்லில் ஆதரவாளர்கள் சூழச் சரணடைந்தார். கொலை வழக்கில் தேடப்பட்டவரை ஒரு நாயகனைப் போல வரவேற்கும் கூட்டம் எங்கிருந்து வந்தது? அந்தக் கூட்டத்தைப் பல ஆண்டுகளாக மேடைப் பேச்சுகள் தயார் செய்திருந்தன.

மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சாகும்வரை சிறை என்று யுவராஜுக்கு விதித்த தண்டனையை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் உறுதி செய்தது. ஒரு தாய் ஏழு ஆண்டு விடாமல் போராடியதால் கிடைத்த நீதி அது. ஆனால் கூண்டில் நின்றவர்கள் கையால் செய்தவர்கள் மட்டுமே. வாயால் வழி போட்டவர்கள் யாரும் அங்கு இல்லை.

இந்தப் பாடத்தை நம் கட்சிகள் கற்றனவா? 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு நாமக்கல் தொகுதி ஒதுக்கப்பட்டது. அந்தக் கட்சி அறிவித்த முதல் வேட்பாளர் ஆணவக் கொலையை ஆதரிக்கும் வகையில் முன்பு பேசிய காணொளி பரவியது. எதிர்ப்பு எழுந்தது, வேட்பாளர் மாற்றப்பட்டார். மாற்றியது நல்ல செயல். ஆனால் காணொளி பரவாமல் இருந்திருந்தால்? கோகுல்ராஜ் கடத்தப்பட்ட திருச்செங்கோடு அதே நாமக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கிறது. அங்குள்ள தலித் வாக்காளர்களிடம் போய் அந்த வேட்பாளருக்காகச் சமூகநீதிக் கூட்டணி வாக்குக் கேட்டிருக்கும். வேட்பாளர் பட்டியல் தயாரிக்கும்போது சொத்துக் கணக்கையும் சாதிக் கணக்கையும் பார்க்கும் கட்சிகள், அவர் மேடையில் பேசிய கணக்கையும் பார்த்தால் என்ன?

சட்டம் எங்கே நின்றுபோகிறது?

நான் யாரையும் வெட்டச் சொல்லவில்லையே என்பது தலைவர்களின் வழக்கமான பதில். நீதிமன்றத்தில் ஒரு பேச்சையும் ஒரு தீக்குச்சியையும் இணைத்து நிறுவுவது கடினம்தான். ஆனால் அரசியல் பொறுப்பு என்பது குற்றவியல் பொறுப்பைவிடப் பெரியது. பத்தாயிரம் பேர் தன் சொல்லை வேதவாக்காக எடுப்பார்கள் என்று தெரிந்தே ஒருவர் பேசுகிறார். அவர் பேச்சும் டீக்கடையில் பேசுபவர் பேச்சும் ஒன்றல்ல. செல்வாக்குள்ளவர்களுக்குப் பேச்சில் கூடுதல் பொறுப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றமே 2020 டிசம்பரில் அமிஷ் தேவ்கன் வழக்கில் சொல்லியிருக்கிறது. வெறுப்புப் பேச்சு குறித்துப் புகார் வரும்வரை காத்திருக்காமல் காவல் துறை தானாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

கருத்துரிமை என்றும் சிலர் சொல்வார்கள். கருத்துரிமையின் அருமை நமக்கு நன்றாகத் தெரியும். சுவரொட்டி ஒட்டினாலே வழக்கு வாங்குவது நம் பிள்ளைகள்தாம். எனவே புதிது புதிதாகச் சட்டம் போட்டு வாயை அடைக்கச் சொல்லவில்லை. இருக்கும் சட்டம் ஏழைக்கு ஓடிவருகிறது, தலைவருக்கு நொண்டுகிறது என்பதே நம் முறையீடு.

அது ஏன் நொண்டுகிறது? சமூகங்களுக்கிடையே பகையை வளர்க்கும் குற்றத்தை இந்திய தண்டனைச் சட்டம் 153ஏ பிரிவில் வைத்திருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 196ஆம் பிரிவு. வழக்குப் பதிவது எளிது. ஆனால் அதை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். இன்று எதிரணியில் இருப்பவர் நாளைக்குக் கூட்டணிக்கு வருவார் என்று கணக்குப் போடும் எந்த அரசு அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடும்? தேர்தல் பொதுக்கூட்டத்தில் எரியும் பேச்சு, தேர்தல் முடிந்ததும் அலமாரியில் உறங்குகிறது. இந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றால் தேர்தலில் நிற்கும் தகுதியே போய்விடும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. வழக்கு முடிவுக்கு வந்தால்தானே தகுதி போகும்!

நம் மக்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பேச்சாலோ எழுத்தாலோ பட்டியல் சாதியினர் மீதும் பழங்குடியினர் மீதும் பகையையும் வெறுப்பையும் தூண்டுவதே வன்கொடுமைக் குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(u) பிரிவு அது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. இதற்கு அந்த முன் அனுமதித் தடை இல்லை. இந்தப் பிரிவின் பெயர்கூடத் தெரியாத காவல் நிலையங்களுக்கு நம் மாணவர்கள்தான் அதை எடுத்துச் செல்ல வேண்டும்.

பொறுப்பேற்றவர்களும் இருந்தார்கள்

இதெல்லாம் தலைவர்களால் முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்தின் தண்ணீரை அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் அள்ளிக் குடித்தார்கள். சற்று நேரத்தில் சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து தாக்கினார்கள். கூடியிருந்தவர்களில் ராணுவத்தில் பணியாற்றியவர்களும் இருந்தார்கள். திருப்பி அடிக்கும் பலமும் கோபமும் அவர்களிடம் இருந்தது. தலைவரின் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அந்தச் சொல்லை அம்பேத்கர் சொல்லவில்லை. அமைதி காக்கச் சொன்னார். வழக்கு மன்றத்தில் பத்தாண்டு போராடி 1937இல் குளத்தின் உரிமையை வென்றார். அவர் பேசத் தெரியாதவர் அல்ல. தன் சொல்லுக்கு எவ்வளவு பலம் உண்டு என்று அறிந்தவர்.

காந்தியோடு பூனா ஒப்பந்தம் முதல் நமக்குத் தீராத கணக்குகள் உண்டு. ஆனாலும் 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் போராட்டக்காரர்கள் காவல் நிலையத்தோடு சேர்த்துக் காவலர்களை எரித்தபோது, விஷமிகள் செய்தார்கள் என்று அவர் நழுவவில்லை. நாடெங்கும் நடந்த ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். உடனிருந்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் நின்றபோதும் அந்தப் பழியிலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ள முடியாது என்றார்.

நேர்மாறான பாடம் கடலுக்கு அப்பால் இலங்கையில் இருக்கிறது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று பேசி பண்டாரநாயக்க ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டு செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்து கொஞ்சம் இறங்கிவர நினைத்தார். அவர் எழுப்பிவிட்ட கூட்டம் விடவில்லை. பிக்குகளின் நெருக்கடியில் 1958இல் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அந்த ஆண்டே தமிழர்கள் மீது கலவரம் பாய்ந்தது. 1959இல் ஒரு பிக்குவின் துப்பாக்கிக் குண்டுக்கு அவரே பலியானார். சொல்லைக் கொளுத்துவது தலைவர் கையில் இருக்கிறது. அணைப்பது அவர் கையில் இருப்பதில்லை.

திருக்குறளில் சொல்வன்மை என்ற அதிகாரத்தை வள்ளுவர் எங்கே வைத்திருக்கிறார் என்று தமிழ் படிக்கும் மாணவர்கள் பார்க்க வேண்டும். அமைச்சியலில் வைத்திருக்கிறார். வாழ்வும் தாழ்வும் பேச்சால் நேரும் என்ற எச்சரிக்கையை அங்கே ஆட்சிப் பொறுப்பில் இருப்பவரைப் பார்த்தே சொல்கிறார். நாக்கைக் காப்பதைப் பற்றிய பேச்சு வருவது அடக்கமுடைமை அதிகாரத்தில். பேச்சுத் திறனோடு அடக்கமும் உள்ளவரே தலைவர் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

நாம் கேட்பது

தலைவர்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. ஒரு சாதியை மொத்தமாகக் குற்றவாளியாக்கும் பெயரை மேடையில் சூட்டாதீர்கள். உங்கள் கட்சிக்காரர் சூட்டினால் அதே வாரத்தில் வெளிப்படையாகக் கண்டியுங்கள். வன்முறை நடந்தால் அறிக்கையோடு நிறுத்தாமல் எரிந்த வீட்டுக்கு நேரில் போங்கள். குற்றவாளிக்கு வரவேற்பு வளைவு வைக்கும் தொண்டரைக் கட்சியிலிருந்து நீக்குங்கள். வெறுப்புப் பேச்சு வழக்குகளில் முன் அனுமதிக் கோப்புகள் எத்தனை நிலுவையில் உள்ளன என்பதை அரசு சட்டமன்றத்தில் வைக்கட்டும்.

இந்த அளவுகோலை நம் மேடைகளுக்கும் வைத்தே பேசுகிறோம். அடிபட்ட மக்களின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தில் ஒரு சாதிப் பெண்களைக் குறித்தோ, ஒரு சாதி முழுவதையும் குறித்தோ இழிவாகப் பேசுபவர் நம் கொடியை ஏந்தியிருந்தாலும் நாம் கைதட்டக் கூடாது. அவர் பேசிவிட்டுக் காரில் போய்விடுவார். மறுநாள் காலையில் பக்கத்து ஊர்க் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியவர் நம் அம்மா.

கிராமத்து வாசகர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய வேலைகள் உண்டு. உங்கள் ஊர்க் கூட்டத்தில் வெறுப்புப் பேச்சு கேட்டால் முழுமையாகப் பதிவு செய்யுங்கள். நாள், இடம், மேடையில் இருந்தவர்கள் யார் என்று குறித்து வையுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள், கோபத்தில் குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். பரப்பினால் அவர் பேச்சுக்கு நீங்கள் ஒலிபெருக்கி ஆகிறீர்கள். எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், சேலம் மாநகருக்குள் இருப்பவர்கள் மாநகரக் காவல் ஆணையருக்கும் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. அது கூடியதா என்று கேளுங்கள். வன்கொடுமை குறித்த தேசிய உதவி எண் 14566. அதை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சாலை கேளுங்கள், தண்ணீர் கேளுங்கள். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: என் பிள்ளை யாரோடு பேசினாலும் உயிரோடு வீடு திரும்புவான் என்று உங்கள் மேடையில் நின்று, உங்கள் சாதிக்காரர்கள் முன்னால், ஒலிபெருக்கியில் சொல்வீர்களா? சொல்லத் துணிந்தவருக்கு வாக்களிப்போம். தயங்குகிறவரின் தயக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வோம்.